வாசல் தாண்டியவர்கள் – 9: பன்னிரண்டாவது பிரிவு

1955 ஆகஸ்ட் 22. சென்னையைச் சேர்ந்த டாக்டர் விஜயலட்சுமி ரமணன் ராணுவ மருத்துவப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். அன்றைக்கே அவரை விமானப்படைக்கு அனுப்பிவிட்டார்கள். இந்திய விமானப்படையின் முதல் பெண் அதிகாரி என்று இன்று நாம் சொல்வது இவரைத்தான். போன இடத்தில் எழுந்த முதல் கேள்வி, எதை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவது என்பது. ஆண் அதிகாரிகளுக்குச் சீருடை இருந்தது. ஒரு பெண் அதிகாரி வருவார் என்று யாரும் எதிர்பார்க்காததால் அவருக்கென்று எதையும் தைத்துவைக்கவில்லை. அவரே உட்கார்ந்து யோசித்தார். விமானப்படை ஒப்புக்கொண்ட நிறத்தில் ஒரு புடவை, அதற்கேற்ற ரவிக்கை. அதுதான் அவருடைய சீருடை ஆயிற்று. 1979 பிப்ரவரியில் ஓய்வு பெறும்வரை அதை உடுத்தினார்.

சென்ற இதழில், புதுக்கோட்டை முத்துலட்சுமி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைத்த கதையைப் பார்த்தோம். விஜயலட்சுமி அதே கல்லூரியில் படித்து 1948இல் எம்.பி.பி.எஸ். முடித்தவர். பிறகு மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு. அப்பா நாராயண ஐயர் முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பி, சென்னையில் சுகாதார அதிகாரியாக இருந்தவர். கணவர் கே.வி.ரமணன் விமானப்படைக்காரர். வீட்டில் பாட்டும் இருந்தது. விஜயலட்சுமி வானொலியில் கர்நாடக இசை பாடியவர். இத்தனையும் உள்ள ஒரு குடும்பத்துப் பெண், ஆண்கள் மட்டுமே நிறைந்த முகாமுக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தார். முதல் நாட்களில் தயக்கமாக இருந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஜாலஹள்ளி, கான்பூர், செகந்தராபாத் என்று மாற்றலாகிப் போன ஊர்களில் எல்லாம் படைவீரர்களின் மனைவிமார்களுக்குப் பிரசவம் பார்த்தார். போர்க் காலங்களில் காயத்தோடு வந்த வீரர்களைக் கவனித்தார். 1972இல் விங் கமாண்டர் ஆனார், 1977இல் விசிஷ்ட சேவா பதக்கம் கிடைத்தது. 2020 அக்டோபரில், 96 வயதில், பெங்களூரில் காலமானார்.

அவர் டாக்டர் என்பதால் உள்ளே போக முடிந்தது. அதே 1955இல் ஒரு பெண், எனக்கு விமானம் ஓட்டத் தெரியும், என்னைப் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? பதில் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது.

1950ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டம், பன்னிரண்டாவது பிரிவு. மத்திய அரசு அரசிதழில் தனியாக அறிவிக்கும் துறைகளைத் தவிர, வேறு எதிலும் பெண்கள் விமானப்படையில் சேரவோ வேலை பார்க்கவோ தகுதியில்லாதவர்கள் என்கிறது அது. அதே ஆண்டில் வந்த ராணுவச் சட்டத்திலும் அதே எண்ணில் அதே பிரிவு இருந்தது. இத்தனைக்கும் அரசு வேலையில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது என்று சொல்லும் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆண்டு ஜனவரியில்தான். சாசனத்தின் 33ஆவது பிரிவு, படைகளைப் பொறுத்தவரை அடிப்படை உரிமைகளைச் சுருக்கிக்கொள்ள நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அந்த வழியாகத்தான் பன்னிரண்டாவது பிரிவு உள்ளே வந்தது. மருத்துவமும் செவிலியர் பணியும் பெண்களுக்குத் திறந்திருந்தன. விமானம் ஓட்டும் பணி நாற்பது வருடங்களுக்கு மேல் மூடியே கிடந்தது.

பெண்கள் ஏன் வானத்துக்குப் போகவில்லை என்று கேட்டால், நம் சமூகம் பழமை பிடித்தது, வீட்டில் விட மாட்டார்கள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். இந்தத் தொடருக்காகப் படிக்கப் படிக்க, அந்தப் பதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் போன பெண்கள் பலருக்கும் வீட்டிலேயே ஒருவர் துணை நின்றிருக்கிறார். கதவைச் சாத்தியது பெரும்பாலும் சட்டமும் கம்பெனி விதியும்தான்.

1936ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாகூரில் சரளா என்ற பெண் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறி உட்கார்ந்து தனியாக ஓட்டி, விமானி லைசென்ஸ் வாங்கினார். தலைக்கு மேல் மூடி இல்லாத இரட்டை இறக்கை விமானம் அது. காற்று முகத்தில் அறையும். அப்போது அவருக்கு வயது 21, கையில் நான்கு வயது மகள். பதினாறு வயதில் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட பெண் அவர். கணவர் பி.டி.சர்மா தபால் விமானம் ஓட்டியவர், புகுந்த வீட்டில் மட்டும் ஒன்பது விமானிகள். ஓட்டக் கற்றுக்கொள் என்று அதிகம் ஊக்கப்படுத்தியவர் மாமனார் என்று சரளாவே சொல்லியிருக்கிறார். மருமகளை விமானத்தில் ஏற்றிவிட்ட மாமனார் 1936லேயே இருந்திருக்கிறார். 1939இல் கணவர் விமான விபத்தில் இறந்துபோனார். அடுத்த கட்டமாகத் தொழில்முறை லைசென்ஸ் வாங்க சரளா ஜோத்பூருக்குப் போனார். உலகப் போர் வந்து சிவில் பயிற்சியை நிறுத்திவிட்டது. அவர் ஓவியம் பக்கம் திரும்பினார். சரளா தக்ரால் என்ற பெயரில் நாடு பின்னால் அறிந்தது இவரைத்தான்.

பிரிவினைக் காலத்தில் இன்னொரு தம்பதி. கேப்டன் வி.சுந்தரம் மைசூர் மகாராஜாவின் விமானி. மனைவி உஷா, பெங்களூர் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயின்று வந்தவர். இருவரும் நேருவையும் படேலையும் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். சமஸ்தானங்களை இணைக்க படேல் ஊர் ஊராகப் போன நாட்களில் விமானத்தின் முன் இருக்கையில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை நம் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்ததும் இவர்கள்தான். பிறகு சென்னையிலேயே தங்கி, 1959இல் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். தெருநாய்க்கு அடிபட்டால் ப்ளூ கிராஸுக்குப் போன் போடுகிறோமே, அந்த ப்ளூ கிராஸ்தான்.

இந்த இரண்டு வீடுகளிலும் புருஷனும் மாமனாரும் முன்னே நின்றார்கள். கம்பெனிகள் எப்படி நடந்துகொண்டன? பிரேம் மாத்தூர் 1947இல் தொழில்முறை லைசென்ஸ் வாங்கினார். வேலை கேட்டு எழுதிய எட்டு விமான நிறுவனங்கள் முடியாது என்றன. பெண் ஓட்டினால் பயணிகள் ஏற பயப்படுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் கோ-பைலட்டாக எடுத்துக்கொண்டது. எந்தப் பயணி பயந்து இறங்கிப் போனார் என்பதற்குக் கணக்கு ஏதும் இல்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் அதன் பிறகு ஒரு பெண் விமானியை, துர்பா பானர்ஜியை, எடுத்தது 1966இல். பெண்கள் மட்டுமே ஓட்டிய முதல் விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது 1985இல், சௌதாமினி தேஷ்முக் தலைமையில்.

விமானத்தில் பெண்ணுக்கு இடம் இருந்தது, ஆனால் தட்டு ஏந்தும் இடத்தில். ஏர் இந்தியாவின் பணிப்பெண் அப்போது 35 வயதில் ஓய்வு பெற வேண்டியிருந்தது. சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டாலோ, முதல் குழந்தை உண்டானாலோ அதற்கும் முன்பே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதே விமானத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு 58 வயதுவரை வேலை. நர்கீஸ் மிர்ஸா என்ற பணிப்பெண் வழக்குப் போட்டார். 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை அடித்து நொறுக்கியது. அதை இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்ற அளவுக்குக் கண்டித்தது. நான்கு வருடக் கல்யாண விதியை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டது. அந்த ஒரு பாதியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்த விதியை எழுதியது எந்தக் கிராமத்துப் பாட்டியும் இல்லை. நாட்டிலேயே நவீனமான அலுவலகம் என்று பெயர் எடுத்த ஒன்று எழுதியது.

மேற்கு நாடுகளும் இதில் நம்மைப் பெரிதாக முந்திவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் ராணுவ விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். 38 பேர் பணியில் இறந்தார்கள். அவர்கள் ராணுவத்தினர் இல்லை என்பதால் ராணுவ மரியாதைகூடக் கிடையாது. 1977இல்தான் அவர்களை முன்னாள் படைவீரர்கள் என்று அரசு ஒப்புக்கொண்டது. போர் விமானத்தைப் பெண்கள் ஓட்டலாம் என்று அமெரிக்கா அனுமதித்தது 1993இல். மாறாக, நாம் பழமைவாத நாடு என்று நினைக்கும் துருக்கியில் சபிஹா கோக்சென் 1930களிலேயே போர் விமானம் ஓட்டினார். சோவியத் நாட்டில் பெண்களுக்கென்றே குண்டுவீச்சுப் படையணி இருந்தது. தலைமை மனம் வைத்த இடத்தில் நடந்தது, வைக்காத இடத்தில் நடக்கவில்லை.

இந்தியாவில் மனம் வைத்தது 1990களின் தொடக்கத்தில். பன்னிரண்டாவது பிரிவிலேயே இருந்த விலக்கைப் பயன்படுத்தி, மருத்துவம் அல்லாத சில துறைகளை அரசு பெண்களுக்குத் திறந்தது. அதுவும் குறுகிய காலப் பணியாக மட்டும். விமானம் ஓட்டும் பிரிவுக்கு வந்த முதல் அணியில் 7 பெண்கள். அவர்களில் ஹரிதா கௌர் தியோல் 1994 செப்டம்பர் 2 அன்று, 22 வயதில், அவ்ரோ விமானத்தைத் தனியாக ஓட்டினார். இரண்டே வருடம். 1996 டிசம்பரில் ஆந்திராவில் நடந்த அவ்ரோ விபத்தில் உடன் பயணித்தவர்களோடு அவரும் இறந்தார். மரணத்தில் ஆண், பெண் வித்தியாசம் இருக்கவில்லை. 1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டரில் போர்முனை வரை பறந்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். போர் விமானம் மட்டும் 2015 அக்டோபர் வரை மூடியிருந்தது. 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் துண்டிகல் விமானப்படைப் பயிற்சிக் கழகத்திலிருந்து போர் விமானப் பிரிவு அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். 2018 பிப்ரவரி 19இல் ஜாம்நகரில் அவனி மிக்-21 பைசனைத் தனியாக ஓட்டினார். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வேகத்தோடு தரையைத் தொடும் ஒற்றை இருக்கை விமானம் அது. தவறினால் திருத்திக் கொடுக்கப் பின்னால் ஆசிரியர் கிடையாது.

அவனி வளர்ந்தது மத்தியப் பிரதேசத்தில் அணைக்கட்டை ஒட்டிய தேவலோந்த் என்ற சிற்றூரில். அப்பா நீர்ப்பாசனத் துறை பொறியாளர். பாவனா பீகாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நம் அரியலூர் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இனி நம்மை நேரடியாகத் தொடும் இடத்துக்கு வருகிறேன். குறுகிய காலப் பணி என்றால் சில வருடங்கள் உழைத்துவிட்டு, ஓய்வூதியத் தகுதி வருவதற்குள் பெண் அதிகாரி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கூடவே சேர்ந்த ஆண் அதிகாரி நிரந்தரமாகித் தொடர முடிந்தது. பெண் அதிகாரிகள் நீதிமன்றம் போனார்கள். 2010 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விமானப்படை, ராணுவம் இரண்டின் பெண் அதிகாரிகள் பக்கமும் தீர்ப்புச் சொன்னது. ராணுவம் தொடர்பான மேல்முறையீடு பத்து வருடம் இழுத்தது. 2020 பிப்ரவரி 17இல் பபிதா பூனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. அந்த வழக்கில் பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பு ஏன் தரக்கூடாது என்று அரசு எழுதிக் கொடுத்த காரணங்களில் ஒன்றை ஒவ்வொரு கிராமத்துக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். படைவீரர்களில் பெரும்பாலானவர்கள் கிராமப்புறங்களிலிருந்து வருகிற ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பதே அந்தக் காரணம்.

படித்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு நம்மைச் சாக்காகச் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்தானைக் கேட்டா எழுதினார்கள்?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்கு வந்து பார்க்கட்டும். பங்குனியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் திருவிழாவுக்கு நெல் மூட்டையோடும் மாட்டோடும் வருகிற விவசாயக் குடும்பங்களில், எதைக் காணிக்கையாகக் கொடுப்பது, எந்த மாட்டைக் கொண்டு வருவது என்று முடிவு செய்வதில் வீட்டுப் பெண்ணின் பேச்சுக்கு இருக்கும் எடையைப் பார்க்கட்டும். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக நின்று வருகைப் பதிவு எடுக்கும் பெண் சொல்கிற இடத்தில்தான் ஆண்களும் மண் வெட்டுகிறார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து நம் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊராட்சிகளுக்குப் பெண்கள் தலைவர்கள். 2016இல் சட்டம் அதைப் பாதியாக உயர்த்தியது. பல ஊர்களில் தலைவரின் கணவர் அதிகாரம் செய்தார் என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மனுவில் கையெழுத்து வாங்க அந்தப் பெண்ணிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது, நின்று நின்று பழகிவிட்டோம். அரியலூர் மாவட்ட ஆட்சியர் நாற்காலியில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நின்ற நம் ஊர்ப் பெரியவர் அவர்களைக் கும்பிட்டு 'அம்மா' என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அந்தப் பெரியவரின் மகன் படையில் சேர்ந்தவுடன் பெண் சொல்வதைக் கேட்கமாட்டான் என்று எதை வைத்து முடிவு கட்டினார்கள்? உச்ச நீதிமன்றமும் இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. இதெல்லாம் பெண்களைப் பற்றிய பழைய முன்முடிவுகள் என்று சொல்லித் தள்ளியது.

வீட்டில் தடையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு ஜாதகம் எடுக்கிற வீடுகள் நம்மிடம் இன்னும் நிறைய இருக்கின்றன. வெளியூர் விடுதி என்றால் யோசிக்கிறோம், வடநாட்டில் பயிற்சி என்றால் அதற்கு மேல் யோசிக்கிறோம். ஆனாலும் இந்தியக் குடும்பத்துக்கு ஒரு பலம் உண்டு. 2021இல் சர்வதேசப் பெண் விமானிகள் சங்கம் வெளியிட்ட கணக்கில், நம் நாட்டு விமான நிறுவனங்களின் விமானிகளில் 12.4 சதவீதம் பெண்கள். அமெரிக்காவில் அதில் பாதிகூட இல்லை. காரணம் கேட்டபோது இங்குள்ள பெண் விமானிகள் பலர் சொன்னது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அம்மாவும் மாமியாரும் இருக்கிறார்கள் என்பதைத்தான். இரவு இரண்டு மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பும் மருமகளுக்காக எழுந்து கதவைத் திறந்துவிடும் மாமியாரையும் இந்த வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும்.

நம் பக்கம் விமானப்படை ஒன்றும் கண்காணாத தூரத்தில் இல்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படையணி இருக்கிறது. கோயம்புத்தூரில் விமானப்படையின் நிர்வாகக் கல்லூரி. பரங்கிமலை ராணுவப் பயிற்சிக் கழகத்தில் 1992இலிருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில். தேசிய பாதுகாப்புக் கழகமும் 2022இலிருந்து பெண்களை எடுக்கிறது. அதன் முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே 30இல் படிப்பை முடித்தார்கள்.

தனியார் பள்ளியில் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும், பல லட்சம் ரூபாய் ஆகும். அது எல்லா வீட்டுக்கும் ஆகிற காரியமில்லை. படை வழியாகப் போனால் பயிற்சிச் செலவு அரசுடையது. ஆகவே இந்த இதழைப் படிக்கும் பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் உங்கள் பெண்ணை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று பேசும்போது, கணக்கும் இயற்பியலும் உள்ள குரூப்பையும் பேச்சில் சேருங்கள். அந்த இரண்டும் இல்லாமல் படையிலும் சரி, சிவில் விமானத்திலும் சரி, விமானி ஆகும் வழி மிகக் குறுகிவிடும். கண்ணை ஒரு தடவை முறையாகப் பரிசோதியுங்கள், நிறக்குருடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தேசிய பாதுகாப்புக் கழகத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. அதைத் தவறவிட்டால் பட்டம் முடித்தபின் விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு, அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை. விமானம் ஓட்டும் பிரிவுக்கு வயது 20இலிருந்து 24 வரை. அந்த வயதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருங்கள்.

(தொடரும்)